பந்தியில் தொடங்கும் தீர்ப்பு

(முட்டுக்காட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



'கிறிஸ்தவ வாழ்வில் பரிசுத்தம், நியாயத்தீர்ப்பு, கிருபை' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இம்மூன்றையும் பிரசங்க பீடத்தில் ஒரு வரிசையில் வைத்துச் சொல்வது நம் வழக்கம். கடவுள் பரிசுத்தர், மனிதன் பாவி, ஆகவே தீர்ப்பு உண்டு. அந்தத் தீர்ப்பிலிருந்து தப்பக் கிருபை உண்டு. கிருபை பெற்றவன் இனிப் பரிசுத்தமாக நடக்கவேண்டும். இந்த வரிசையில் பிழையில்லை. ஆனால் இதில் ஓர் ஆத்துமாவும் கடவுளும் மட்டுமே இருக்கிறார்கள். கோயிலில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இதில் இடமே கிடையாது. அவர் வராவிட்டாலும் வரிசை குலையாது, வந்தாலும் எதுவும் கூடாது. புதிய ஏற்பாட்டை எழுதியவர்களுக்கு அப்படி இருக்கவில்லை. அவர்களுக்கு இம்மூன்றும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு, அது பந்தி. யார் யாருடன் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வியில்தான் பரிசுத்தம் சோதிக்கப்படுகிறது, தீர்ப்பு தொடங்குகிறது, கிருபை கண்ணுக்குத் தெரிகிறது. தமிழ்த் திருச்சபையின் முந்நூறு ஆண்டு வரலாறு இதற்குச் சாட்சி, பெரும்பாலும் நமக்கு எதிரான சாட்சி. இன்று நான் நிறுவ முயல்வது இந்த ஒன்றைத்தான்.

1

முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். எபிரேய வேதத்தில் இரண்டு தனித்தனி இணைகள் உண்டு. கடவுளுக்கென்று ஒதுக்கப்பட்டது ஒன்று, அதற்கு எதிரே எல்லோரும் புழங்கும் பொதுவானது. தீட்டில்லாதது ஒன்று, அதற்கு எதிரே தீட்டானது. லேவியராகமம் பத்தாம் அதிகாரம் இவ்விரண்டு இணைகளையும் அடுத்தடுத்து வைத்து, ஆசாரியர்கள் இவற்றைப் பிரித்தறிய வேண்டும் என்கிறது. எபிரேயத்தில் இந்த நான்கு சொற்களும் வெவ்வேறு வேரிலிருந்து வந்தவை. தமிழில் நாம் முதலாவதைப் பரிசுத்தம் என்றும், தீட்டு நீங்கிய நிலையைச் சுத்தம் என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். காதுக்கு இரண்டும் ஒரே குடும்பம். சுத்தம் கொஞ்சம் கூடினால் பரிசுத்தம் என்று கேட்பவர் நினைப்பது இயல்பு. அந்தச் சுத்தத்துக்கு எதிரே நம் ஊர் வாழ்க்கையில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த சொல் தீட்டு. லேவியராகமத்தை மொழிபெயர்த்தவர்கள் அந்தச் சொல்லையே எடுத்தாண்டார்கள். வேறு சொல் அவர்களுக்குக் கிடைத்திருக்காது. ஆனால் கிணற்றிலும் தெருவிலும் வாசற்படியிலும் யாரை எங்கே நிறுத்துவது என்று தீர்மானித்த அதே சொல் வேதத்துக்குள் வந்து உட்கார்ந்தபோது, அதன் நிழல் பரிசுத்தத்தின் மேலும் விழுந்தது.

தமிழுக்கு வேறு வழிகளும் இருந்தன. கத்தோலிக்கர் நெடுங்காலம் அர்ச்சியசிஷ்ட என்றார்கள், பிறகு புனித என்றார்கள். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் தூய என்ற சொல்லைத் தேர்ந்தது. இவற்றைவிட நம் மொழிக்கே உரிய ஒரு முன்னொட்டு நம் வாயில் நாளும் புழங்குகிறது: திரு. திருச்சபை, திருமறை, திருவிருந்து என்கிறோம். இந்தத் திருவுக்கு எதிர்ச்சொல் தீட்டு என்று எந்தத் தமிழருக்கும் தோன்றாது. அதில் ஒளியும் செல்வமும் உடைமையும் இருக்கின்றன, விலக்கு இல்லை. ஒரு பொருள் ஆண்டவருக்குச் சொந்தமானது என்ற எபிரேயக் கருத்துக்கு அது எவ்வளவோ நெருக்கம்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமான மறுப்பு. சொல்லின் வேரைத் தோண்டிப் பொருளைத் தீர்மானிக்கக் கூடாது என்று விவிலிய அறிஞர் ஜேம்ஸ் பார் 1961இல் விரிவாக எழுதினார். வேர் வேறு, வழக்கு வேறு. இதை முழுதும் ஏற்கிறேன். பரிசுத்தம் என்று சொல்லும் எல்லோரும் தீட்டை நினைத்துக்கொண்டு சொல்வதில்லை. ஆகவே சொல்லாராய்ச்சி எதையும் நிறுவாது, எங்கே தேட வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான். சான்றை வழக்கத்தில் தேட வேண்டும். அதற்கு முன்னால் வேதத்துக்குள்ளேயே நடந்த ஒரு திருப்பத்தைக் கவனிக்கவேண்டும்.

ஆகாய் தீர்க்கதரிசி ஆசாரியர்களிடம் இரண்டு கேள்வி கேட்கிறார். பலியின் பரிசுத்த இறைச்சியை வஸ்திரத் தொங்கலில் முடிந்து கொண்டுபோகிறவனின் தொங்கல் வேறு உணவில் பட்டால் அந்த உணவு பரிசுத்தமாகுமா? ஆகாது என்கிறார்கள். பிணத்தைத் தொட்டவன் அதே உணவைத் தொட்டால் தீட்டாகுமா? ஆகும் என்கிறார்கள். தீட்டு பரவும், பரிசுத்தம் பரவாது என்பது அன்றைய சட்டம். இனி மாற்கு எழுதிய நற்செய்தியைப் பாருங்கள். குஷ்டரோகியை இயேசு தொடுகிறார். தொட்டவர் தீட்டாகவில்லை, தொடப்பட்டவர் சுத்தமாகிறார். பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்குள்ள பெண் அவர் ஆடையைத் தொடுகிறாள். ஆகாயின் கேள்வியில் எந்த வஸ்திரத் தொங்கல் எதையும் கடத்தாது என்று சொல்லப்பட்டதோ, அதே வஸ்திரத்தின் வழியாக வல்லமை புறப்படுகிறது. இறந்த சிறுமியின் கையைப் பிடிக்கிறார், அவள் எழுகிறாள். இந்த அரங்கை ஒட்டிக் கிடக்கும் உப்பங்கழியை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கடல் வற்றும்போது முகத்துவாரத்தின் வழியே கழிநீர் வெளியே ஓடுகிறது. கடல் ஏறும்போது அதே வாய் வழியே கடல் உள்ளே வருகிறது. வாய் ஒன்றுதான், ஓட்டத்தின் திசை மாறிவிடுகிறது. தொடுதல் என்ற அதே வாசலில் நற்செய்தி திசையை மாற்றியது. மணல் மேடிட்டு அந்த வாய் அடைபட்டுப் போனால் உள்ளே இருக்கும் நீர் தூய்மையாக இருக்காது, தேங்கிக் கெடும்.

2

இப்போது வழக்கத்துக்கு வருகிறேன். மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1718இல் அங்கே புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அந்த ஆலயத்துக்குள் சபையார் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். திருவிருந்துக்கு ஒரு சாரார் முதலில், மற்றவர்கள் பிறகு. நல்லெண்ணத்தோடும் தியாகத்தோடும் வந்த மிஷனரிகள் இதைத் தற்காலிக ஏற்பாடாகக் கருதியிருக்கலாம். ஆனால் இருக்கையில் விட்டுக்கொடுத்தது பாத்திரத்துக்குப் போனது, பாத்திரத்தில் விட்டுக்கொடுத்தது குருத்துவத்துக்குப் போனது. 1733இல் ஆரோன் முதல் தமிழ்ப் புராட்டஸ்டண்ட் குருவாக அபிஷேகம் பெற்றார், அவர் வேளாளர். தஞ்சை நாட்டில் ஊழியம் செய்த ராஜநாயக்கன் பறையர் குலத்தில் பிறந்தவர். படைவீரராக இருந்தவர், அடியும் அச்சுறுத்தலும் தாங்கிச் சபைகளை வளர்த்தவர். 1741இல் அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்க வேண்டிவந்தபோது அவர் பெயரும் பேசப்பட்டது. அவர் கையிலிருந்து அப்பமும் இரசமும் வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள், திருவிருந்தின் மதிப்புக் குறையும் என்று கருதி, தியோகு என்பவரை அபிஷேகம் செய்தார்கள். இந்தக் காரணத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ராஜநாயக்கனின் ஒழுக்கத்தில் குறை சொல்லப்படவில்லை, விசுவாசத்திலும் இல்லை. அவர் கை பட்டால் பரிசுத்தமானதன் மதிப்புக் குறையும் என்பதே காரணம். ஆகாயின் ஆசாரியர்கள் சொன்ன பதில் அது. மாற்குவின் நற்செய்தியை அச்சிட்டுப் பரப்பிய கைகளே அந்தப் பதிலைத் திரும்ப எழுதின.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை நாம் எல்லோரும் மதிக்கிறோம். தமிழ்க் கிறிஸ்தவ இசைக்கும் இலக்கியத்துக்கும் அவர் செய்ததற்கு நிகரில்லை. அவரும் 1829இல், சாதி வழக்கங்களைக் கலைக்க முயன்ற புதிய மிஷனரிகளுக்கு எதிராக 'சாதி திருத்தலின் பயித்தியம்' எழுதினார். சாதி உலக வழக்கம், உணவும் உடையும் போன்றது, அதை விசுவாசத்தோடு முடிச்சுப் போடுவது அந்நியர்களின் அறியாமை என்பதே அவர் தரப்பின் சாரம். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விடுத்தார். சாதி வேறுபாடு சபைகளில் உடனே, முழுவதுமாக, இறுதியாக விடப்படவேண்டும், எல்லோரும் கலந்து உட்காரவேண்டும், கலந்தே திருவிருந்துக்கு வரவேண்டும் என்றார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் ஓர் அடி எடுத்துவைத்தது. சாதியை விட்டதற்கு அடையாளமாகத் தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை அவரோடு உட்கார்ந்து உண்ண மறுப்பவரைச் சபை உறுப்பினராகச் சேர்க்கக்கூடாது என்று தீர்மானித்தது. பந்தியே பரீட்சையானது.

கத்தோலிக்கத் திருச்சபையின் கதையும் இதுதான். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் ஆலயம் இரண்டு கூடங்களாகப் பிரிந்த வடிவத்தில் கட்டப்பட்டது. பலிபீடம் ஒன்று, அதைப் பார்த்து உட்காரும் மக்கள் இரண்டு பக்கம். 1910இல் நடுத்தடுப்பு இடிக்கப்பட்டபோது வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பிரிவினைக்கு உரிமை கோரியவர்கள் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரிக்கும் நடுச்சுவரைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உயிர்த்தெழுதலை நம்பிப் புதைக்கப்பட்டவர்கள் நடுவில் ஒரு செங்கல் சுவர்.

3

1850ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் கையெழுத்திட மறுத்தவர்கள் லைப்சிக் மிஷனைச் சேர்ந்த லூத்தரன்கள். அவர்கள் தரப்பை முன்வைத்தவர் கார்ல் கிரௌல். தமிழர் நன்றியோடு நினைக்க வேண்டிய பெயர் அது, திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1856இல் வெளியிட்டவர். அவருடைய மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. நான் அதை என் சொற்களில் வலுவாகவே சொல்கிறேன். மனிதன் கிருபையினால் இரட்சிக்கப்படுகிறான், கிரியையினால் அல்ல. இன்னாரோடு இன்னது சாப்பிட்டால்தான் நீ சபையான் என்று சொல்வது நற்செய்தியைப் பின்னும் ஒரு சட்டமாக்குவது. வற்புறுத்தி ஊட்டிய ஒரு கவளம் இருதயத்தை மாற்றாது. வசனம் உள்ளே வேலை செய்யட்டும், காலப்போக்கில் சாதி தானே உதிரும்.

இந்த வாதத்தைக் கேட்கும்போது நமக்குள் ஏதோ ஒன்று ஆமோதிக்கிறது. கிருபையின் மேல் அத்தனை பற்றுள்ள வாதம். ஆனால் விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்ற கோட்பாட்டைப் பவுல் எந்த இடத்தில் கூர்மையாக வகுக்கிறார் என்று பார்க்கவேண்டும். கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். அந்தியோகியாவில் பேதுரு புறஇனத்தாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுக்கவில்லை. கிறிஸ்து வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போனார், அவ்வளவுதான். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரை எதிர்த்து நின்று, இது நற்செய்தியின் சத்தியத்துக்கு நேரான நடை ஆகாது என்கிறார். அந்தக் கண்டனத்தின் தொடர்ச்சியாகவே, நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் எவனும் நீதிமானாவதில்லை என்ற வாக்கியம் பிறக்கிறது. லூத்தர் எந்தப் பாறையின் மேல் நின்றாரோ அந்தப் பாறை ஒரு பந்தித் தகராற்றில் வெட்டியெடுக்கப்பட்டது. ஆகவே சேர்ந்து உண்பது கிருபைக்குக் கட்டவேண்டிய விலை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கிருபை மட்டுமே போதும் என்றால் என் பிறப்பு எனக்கு எதையும் சேர்க்கவில்லை, அவர் பிறப்பு அவரிடமிருந்து எதையும் குறைக்கவில்லை. பிறகும் நான் எழுந்து போகிறேன் என்றால், கிருபை மட்டுமே போதும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

கிரௌல் சொன்ன காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தானே உதிரும் என்று அவர் எழுதி நூற்றெழுபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இந்த நூற்றெழுபது ஆண்டும் காத்திருக்கும்படி கேட்கப்பட்டவர்கள் யார் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத பொறுமையைக் கிருபை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஜெர்மன் இறையியலாளர் தீத்ரிக் போன்ஹோஃபர் 1937இல் மலிவான கிருபை என்று எதைக் கண்டித்தாரோ, அது நம் நாட்டில் இந்த வடிவத்தில் இருந்தது.

ஆனால் எதிர்த்தரப்பையும் புனிதப்படுத்திவிடக் கூடாது. தமிழருக்குப் பந்தியைப் பரீட்சையாக வைத்த ஐரோப்பியர்கள் பலர், தங்கள் மேசையில் தமிழர்களை உட்காரவைக்கவில்லை. வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் எழுந்து நின்று, தியாகத்தையும் தானத்தையும் கொண்டுவந்தவர்கள் நட்பைக் கொண்டுவரவில்லை என்று மேல்நாட்டுச் சபைகளின் முகத்துக்கு நேரே சொன்னார். மண்டபத்தில் சிலருக்கு அது கசந்தது. பரீட்சை வைத்தவரும் அதே பரீட்சைக்கு உட்பட்டவர்தான். தீர்ப்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டாம்.

4

தீர்ப்பு என்றதும் நம் மக்களுக்கு நினைவுக்கு வருவது கொரிந்தியர் முதல் நிருபம் பதினோராம் அதிகாரம். அபாத்திரமாய்ப் பானம்பண்ணுகிறவன் தன்மேல் ஆக்கினைத்தீர்ப்பை வரவழைக்கிறான் என்ற எச்சரிக்கை. இதற்குப் பயந்து மாதக்கணக்கில் திருவிருந்துக்கு வராமல் பின்வரிசையிலேயே உட்கார்ந்துவிடும் பெண்கள் நம் சபைகளில் இன்றும் உண்டு. வீட்டில் சண்டை, மனதில் கோபம், நான் பாத்திரமானவள் அல்ல என்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் ஆளின் தகுதியைக் குறிக்கும் பெயரடை அல்ல, உண்ணும் விதத்தைக் குறிக்கும் வினையடை. அபாத்திரமானவன் என்று பவுல் எழுதவில்லை, அபாத்திரமாய் என்று எழுதினார். அந்த விதம் எது என்பதை அதே அதிகாரம் வெளிப்படையாகச் சொல்கிறது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு வெறிகொள்கிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள், வெட்கப்படுத்தப்படுகிறார்கள். ஆண்டவரின் சரீரத்தைப் பகுத்தறியாமை என்பது இதுதான். அப்படியானால் வீட்டுச் சண்டைக்காகக் கண்ணீரோடு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் அல்ல, தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு எந்த நெருடலும் இல்லாமல் முதலில் எழுந்து போகிறவரே அந்த எச்சரிக்கையைக் கேட்க வேண்டியவர். நூற்றாண்டுகளாகத் தவறான ஆளைப் பயமுறுத்தியிருக்கிறோம்.

அந்தத் தீர்ப்பின் நோக்கத்தையும் பவுல் சொல்லிவிடுகிறார். உலகத்தோடு சேர்ந்து ஆக்கினைக்குள்ளாகாதபடி இப்போது சிட்சிக்கப்படுகிறோம் என்கிறார். தீர்ப்பு முதலில் தேவனுடைய வீட்டில் தொடங்குகிறது என்று பேதுருவின் நிருபம் சொல்வதும், ஆண்டவருடைய நாளை ஆவலோடு எதிர்பார்த்தவர்களைப் பார்த்து அது உங்களுக்கு இருளாக இருக்கும் என்று ஆமோஸ் சொன்னதும் ஒரே குரல். தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் முதலில் விசாரிக்கப்படுவார்கள்.

இதை மறந்து தீர்ப்பை வெளியே திருப்பும்போது என்ன ஆகும் என்பதை இந்தக் கடற்கரை பார்த்தது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. சில வாரங்களிலேயே, சுனாமி இந்த நாட்டின் பாவத்துக்குத் தேவன் கொடுத்த தீர்ப்பு என்று பிரசங்கங்கள் எழுந்தன. வேளாங்கண்ணியில் கடற்கரையில் நின்ற யாத்திரிகர்களும் இறந்தார்கள், கரையோரக் குப்பங்களில் உறங்கிக்கொண்டிருந்த குழந்தைகளும் இறந்தார்கள். பிலாத்து கொன்ற கலிலேயரைப் பற்றிய செய்தியைக் கொண்டுவந்தவர்களிடம் இயேசு, சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரையும் சுட்டி, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்று திட்டமாகச் சொல்லிவிட்டு, கேள்வியைக் கேட்டவர்கள் பக்கமே திருப்பினார். அந்த வாரங்களில் தீர்ப்பைத் தேட வேண்டிய இடம் வேறொன்று இருந்தது. நாகப்பட்டினம் மாவட்ட நிவாரண முகாம்களில் தலித் மக்கள் தண்ணீர்த் தொட்டியை அணுகவிடாமல் தடுக்கப்பட்டார்கள், தனியே ஒதுக்கப்பட்டார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. எல்லாவற்றையும் இழந்து ஒரே வெட்டவெளியில் நின்றவர்களுக்கு நடுவிலும் யார் குடம் யார் குடத்தைத் தொடுவது என்ற கேள்வி பிழைத்திருந்தது. அலையைத் தீர்ப்பென்று பிரசங்கித்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தொட்டியின் வரிசையைப் பற்றிப் பிரசங்கித்தார்கள்?

5

இப்போது நான் எதிர்பார்க்கும் மறுப்பு, இந்த அவையிலேயே சிலர் மனதில் இருக்கக்கூடிய மறுப்பு. பரிசுத்தத்தைச் சமூகப் பிரச்சினையாக்கிவிட்டீர்கள், தனிமனிதனின் உள்ளம், பரிசுத்த ஆவியானவர் அவனுக்குள் செய்யும் வேலை எங்கே என்பார்கள். இது அலட்சியப்படுத்தக்கூடிய கேள்வி அல்ல. இதே மாவட்டத்தில், தாம்பரம் இரும்புலியூரில் தலைமையகம் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷனின் வெள்ளுடையையும் நகை அணியாமையையும் அறிவோம். அந்த வெள்ளுடைக்குள் சாதிப்பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியாத ஒரு கண்ணியத்தை ஏழைகள் பலர் கண்டார்கள். ஒரு வீட்டில் குடி நின்றால், வட்டிக்கடன் நின்றால், அடி நின்றால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு அது நற்செய்தி. பரிசுத்த வாழ்க்கை என்ற போதனை அதைச் செய்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை.

என் வேண்டுகோள், அந்தப் போதனையின் மூல அதிகாரத்தைக் கடைசி வரை படியுங்கள் என்பதே. தேவன் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருக்கவேண்டும் என்ற கட்டளை லேவியராகமம் பத்தொன்பதில் வருகிறது. அதைத் தொடர்ந்து வருவது என்ன? அறுப்பு அறுக்கும்போது வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே. குருடன் வழியில் தடுக்கலை வைக்காதே. எடையிலும் படியிலும் அநியாயம் செய்யாதே. வரப்பும் களமும் மரக்காலும் நிறைந்த அதிகாரம் அது. செங்கல்பட்டுச் சீமையின் நெல்வயல்களில் நின்று படித்தால் ஒவ்வொரு வரிக்கும் முகம் உண்டு. படியளந்து கூலி வாங்கியதால் படியாள் என்றே பெயர் பெற்றவர்கள் வாழ்ந்த மண் இது.

அந்த மண்ணில் 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்தது என் கருத்துக்குச் சிறந்த சான்று. ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ செங்கல்பட்டில் ஊழியம் செய்தார். சேரிகளில் மக்கள் ஞானஸ்நானம் கேட்டு வந்தபோது, அவர்களுக்கு இருக்கும் குடிசை மனைகூட அவர்களுடையதல்ல, மிராசுதாரர் சொன்னால் அன்றே காலி செய்ய வேண்டும் என்பதை அவர் கண்டார். திருவள்ளூரில் வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடியும் இதையே கண்டு எழுதினார். ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, பரலோகத்தில் உங்களுக்கு இடம் உண்டு என்று சொல்லி அவர்கள் நிறுத்திக்கொண்டிருக்கலாம். நிறுத்தவில்லை. அரசுக்கு விண்ணப்பங்கள் போயின. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர், மாவட்டத்துப் பறையர் நிலை பற்றிய தம் குறிப்பைச் சமர்ப்பித்தார். 1892 செப்டம்பர் 30இல் பிறந்த அரசாணையின் வழியே, பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பெயர்பெற்ற நிலங்கள் ஒதுக்கப்பட்டன. செங்கல்பட்டுக்கு அருகே மெல்ரோசாபுரம் என்ற வேளாண் குடியிருப்பை ஆண்ட்ரூவின் மிஷன் அமைத்தது. மிஷனரிகளின் நோக்கங்களில் கலப்பு இருந்தது, மக்களை அவர்கள் பார்த்த பார்வையில் மேட்டிமையும் இருந்தது. ஆய்வாளர்கள் அதைக் காட்டியிருக்கிறார்கள், அது சரியே. நிலத்தைக் கேட்டவர்கள் அந்த மக்களே என்பதையும் மறந்துவிடக் கூடாது. பெரும்பாலான அந்த நிலம் பிறகு கைமாறிப்போனது. 1994 அக்டோபரில் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். வயலோரத்தை முற்றும் அறுக்காதே என்ற கட்டளைக்கு ஒரு நூற்றாண்டுக் கணக்கு அது.

பாத்திரமறிந்து பிச்சையிடு என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. வாங்குகிறவனின் தகுதியைப் பார்த்துக் கொடு என்று பொருள். உலக நடைக்கு அது விவேகம். கிருபை என்பது பாத்திரத்தைப் பார்க்காமல் இடப்பட்டது. ஒரே தமிழ்ச் சொல் ஏந்தும் கலத்துக்கும் ஏற்கும் தகுதிக்கும் நிற்பது வசதியாகவே அமைந்திருக்கிறது. தகுதியைப் பார்க்காமல் பெற்றுக்கொண்டவன், திருவிருந்துப் பாத்திரம் எந்தக் கையிலிருந்து வருகிறது, தனக்கு முன்னால் எந்த உதடு பட்டது என்று பார்த்தால், பெற்றது என்னவென்று அவனுக்கே தெரியவில்லை. தனிமனித உள்ளத்தில் ஆவியானவர் செய்யும் வேலையை நான் மறுக்கவில்லை. அந்த வேலை நடந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேதம் காட்டும் இடங்கள் வரப்பும் பந்தியும் என்கிறேன்.

6

கொரிந்து சபைக்கு எழுதிய அந்தக் கடுமையான பகுதியைப் பவுல் எப்படி முடிக்கிறார் என்று சொல்லி நானும் முடிக்கிறேன். வியாதி, மரணம், ஆக்கினை என்று அத்தனை அச்சமூட்டும் சொற்களுக்குப் பிறகு அவர் கேட்பது வியப்பூட்டும் அளவுக்குச் சிறிய ஒன்று: சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். கொரிந்துவில் பிந்தி வந்தவர்கள் அடிமைகளும் கூலியாட்களுமாக இருந்திருக்க வேண்டும். எசமான் விட்டால்தான் வர முடியும். காத்திருப்பது என்றால் அவர்கள் வேலை முடியும் நேரத்தை அறிந்து வைத்திருப்பது.

நம் திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை மாலை பல சபைகளில் ஆயத்த ஆராதனை நடக்கிறது. அங்கே நம்மை நாமே சோதித்தறியும்படி கேட்கப்படுகிறோம். அந்த மாலையில் குருவானவர்கள் கேட்கத்தக்க ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகளிலும், அந்தப் பக்கம் கேளம்பாக்கம், சிறுசேரி, நாவலூர்க் கண்ணாடிக் கட்டடங்களிலும் நம் சபையார் பலர் காவலாளிகளாகவும் துப்புரவுப் பணியாளர்களாகவும் இரவு வேலை பார்க்கிறார்கள். மாற்றாள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அவர்கள் வாசலை விட்டு நகர முடியும், பிறகு பேருந்து பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வேலை எத்தனை மணிக்கு முடிகிறது, நம் பந்தி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது?